அம்மாயி வீட்டுக்குப் போகும் பருவம்

பெரம்பலூர் 1995-ஆம் ஆண்டில் ஒரு ஜில்லாவின் தலைநகரம் என்னும் அந்தஸ்தை அடைந்துவிட்ட போதிலும், அந்நகரை இன்றளவும் ரயில் எட்டிப் பார்க்கவில்லை. ஆகையால் சென்னையிலிருந்து எங்கள் அம்மாயி வீட்டுக்குப் பிரயாணப்படுகிறவர்களுக்கு, அரியலூர் ஸ்டேஷனில் அகாலத்தில் இறங்கிப் பஸ்ஸுக்குக் காத்துக் கிடப்பது, அல்லது திருச்சி பஸ்ஸில் ஏறிக் கண்டக்டரிடம் மும்முறை சொல்லிவைத்து விடியற்காலை நாலு மணிக்குப் பாடாலூரில் இறங்கிக்கொள்வது என்று இரண்டு மார்க்கங்களே இருந்தன. என் தகப்பனார் எப்போதும் இரண்டாவதையே தேர்ந்தெடுப்பார். புளியமரத்தடியில் மாடுகளை அவிழ்த்துவிட்டு நிற்கும் கூண்டு வண்டியின் நிழலிலிருந்து தாத்தா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து வந்து, "வந்துட்டியா சாமி" என்று என் தலையைத் தடவும்போது, இரவெல்லாம் பஸ்ஸில் பட்ட தலைச்சுற்றல் எங்கே போயிற்று என்று தெரியாது.

அங்கிருந்து கிழக்கே நாலு மைல். இரு மருங்கிலும் கரிசல் காடு. ஓட்டு வீடு, முன்னால் திண்ணை, உள்ளே முற்றம், முற்றத்தைச் சுற்றி ஆளோடி, பின்னால் மாட்டுக் கொட்டகை. இத்தகைய வீட்டை வருணித்து உருகுவது நம்மவர்களுக்கு ஒரு வழக்கமாகிவிட்டது. நான் உருகுவதற்காக இதை எழுத வரவில்லை. அந்த வீட்டுக்கு ஐம்பது வருஷங்களுக்கு மேலாகப் போய்வந்தவன் என்ற முறையில், போவதிலும் ஒரு முறை உண்டென்பதையும், அம்முறையை நான் மிகவும் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன் என்பதையும், தாத்தா பாட்டி இன்னும் கிராமத்தில் இருக்கும் பாக்கியம் பெற்றவர்களுக்குச் சொல்லவே முற்படுகிறேன்.

முதற் பிழை, பருவத்தைப் பற்றியது. பள்ளிக்கூடத்துக்கு லீவு விடுவது கத்திரி வெயிலில். ஆகவே நாங்கள் போவதும் கத்திரி வெயிலில். அச்சமயத்தில் கரிசல் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். காட்டில் ஒரு வேலையும் இராது. தாத்தா திண்ணையில் கயிறு திரித்துக்கொண்டிருப்பார். அம்மாயி எங்களுக்கு வேண்டியதை ஆக்கிப் போடுவதிலேயே பொழுதைப் போக்குவாள். இதனால் கிராமத்து வாழ்வென்பது உண்டு உறங்கும் ஓய்வென்றும், அங்கிருப்பவர்கள் நமக்காகவே காத்திருப்பவர்கள் என்றும் ஓர் அபிப்பிராயம் எங்களுக்குள் ஊறிப்போயிற்று. என் தம்பியின் பிரசவத்துக்காக அம்மா தாய்வீடு வந்திருந்தபோது, எனக்கு ஒன்பது வயதில், பள்ளிக்கூடத்தை நிறுத்திவைத்து என்னையும் ஒரு தை மாதம் முழுவதும் அங்கே விட்டுவைத்தார்களே, அந்த ஒரு மாதம் இல்லாதிருந்தால், அவர்கள் யார் என்பதே எனக்குத் தெரியாமற் போயிருக்கும்.

தை மாதத்தில் அந்தப் பிரதேசமே வேறு. ஒரு பக்கம் பருத்தி வெடித்து நிற்கிறது. மற்றொரு பக்கம் சின்ன வெங்காயம் பிடுங்குகிறார்கள். அம்மாயிக்கு என்னைக் கவனிக்க நேரமில்லை. விடியுமுன்பே ஆட்டுக்கல்லில் பருத்திக்கொட்டையை ஆட்டிப் பாலெடுத்துக் கறவை மாட்டுக்கு வைத்துவிட்டு, கம்மங்கூழைத் தூக்குச்சட்டியில் ஊற்றிக்கொண்டு காட்டுக்குப் போய்விடுவாள். பின்னாலேயே நானும் போனேன். அங்கேதான் வெங்காயப் பட்டறை போடுவதைப் பார்த்தேன்.

பட்டறை என்றதும் கொல்லன் பட்டறையை நினைத்துக்கொள்ள வேண்டாம். களத்து மேட்டில், காற்று வீசும் திக்குக்குக் குறுக்காக நீளவாட்டில் கல்லைப் பரப்பி, அதன்மேல் பருத்திமாரை அடுக்கி, இரண்டு பக்கமும் குச்சி நட்டுப் படல் கட்டி, நடுவில் வெங்காயத்தைக் கொட்டி நிரப்பி, மழையும் பனியும் இறங்காதபடி மேலே ஓலை வேய்ந்துவிட்டால், விலை வரும் வரையிலோ விதைக்கு வேண்டும் காலம் வரையிலோ அது அங்கேயே இருக்கும். தாத்தா போடும் பட்டறையின் அகலம் இரண்டு முழத்தைத் தாண்டாது. தாண்டினால் நடுவிலிருக்கும் காய்க்குக் காற்று எட்டாது, புழுங்கும், ஒன்று அழுகிப் பக்கத்திலுள்ள பத்தையும் அழுகவைக்கும். அம்மாயி இரண்டு நாளைக்கு ஒருமுறை படலுக்குள் முழங்கை வரையில் கையை நுழைத்து, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நிற்பாள். எங்காவது வெதுவெதுப்புத் தட்டினால் அந்த இடத்தை மட்டும் பிரித்து, அழுகலைப் பொறுக்கி எறிந்துவிட்டு மறுபடியும் மூடுவாள். "கையி பொய் சொல்லாது கண்ணு" என்று என் கையையும் பிடித்து உள்ளே விட்டாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வெங்காயத் தாள் சொரசொரவென்று உறுத்தியதுதான் தெரிந்தது. ஆனாலும் அவளைப் பற்றி நான் அறிந்தவற்றுள் முதன்மையானது எதுவென்று யாரேனும் கேட்டால், முறுக்கையும் அதிரசத்தையும் சொல்லமாட்டேன். கண்ணை மூடிக்கொண்டு பட்டறைக்குள் கைவிட்டு நின்ற அந்தக் கோலத்தைத்தான் சொல்லுவேன்.

ஆகவே போகிறவர்கள் வேலைக் காலத்தில் போகவேண்டும் என்பது என் துணிபு. குழந்தைகளுக்கு இரண்டு நாள் பள்ளி தவறினால் ஒன்றும் மூழ்கிப்போகாது. போனால் மூன்று இரவாவது தங்கவேண்டும். முதல் நாள் முழுவதும் உபசாரத்திலேயே கழிந்துவிடும். இரண்டாம் நாள்தான் அவர்கள் தங்கள் வழக்கமான ஜோலிகளுக்குத் திரும்புவார்கள். மூன்றாம் நாள் அந்தியில், நாம் இருப்பதையே மறந்துவிட்ட நிலையில், பேச்சு தானாக வரும். ஞாயிற்றுக்கிழமை காலையில் காரில் வந்து சாயங்காலம் திரும்பிவிடுகிறவர்களுக்கு இந்த மூன்றாம் நாள் கிட்டுவதே இல்லை. கொண்டுபோகும் பொருளிலும் கவனம் வேண்டும். நான் பல வருஷங்கள் ஆப்பிளும் பிஸ்கட்டும் சுமந்துகொண்டு போனேன். அவை பக்கத்து வீட்டுக் குழந்தைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. ஒருமுறை முன்கூட்டியே கேட்டெழுதினேன். "நாலு கோணி ஊசியும் ஒரு கண்டு சணலும் வாங்கியா" என்று பதில் வந்தது. அந்த ஊசிகளை அம்மாயி சாகுமட்டும் வைத்திருந்தாள்.

இனி என் பெரும்பிழையைச் சொல்லவேண்டும். உத்தியோகத்தில் கொஞ்சம் காசு சேர்ந்தவுடன், அம்மாயி வயதான காலத்தில் குனிந்து சாணம் மெழுகுகிறாளே என்ற பரிதாபத்தினால், அவளைக் கேளாமலேயே, 1999-ஆம் வருஷத்தில் முற்றத்துக்கும் ஆளோடிக்கும் வழவழவென்று டைல்ஸ் பதித்துக்கொடுத்தேன். ஊரார் வந்து பார்த்துப் புகழ்ந்தார்கள். அவ்வருஷத்து ஐப்பசி மழையில் முற்றத்துத் தண்ணீர் ஆளோடிக்குத் தெறித்திருக்க, மாட்டுக்குத் தவிட்டுத் தண்ணீர் எடுத்துப் போனவள் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அதன்பின் அவள் காட்டுக்குப் போகவேயில்லை. என்னை ஒரு வார்த்தை சொன்னதும் இல்லை. "மெழுவுன தரையில காலு நிக்கும், இதுல நிக்காது, அவ்வளவுதான்" என்று ஒரே ஒரு தடவை, பிறத்தியாருடைய சமாசாரத்தைப் போலச் சொன்னாள். வயதானவர்கள் வீட்டில் எதையேனும் மாற்ற எண்ணுகிறவர்கள், அங்கே ஒரு மழைக்காலம் இருந்து பார்த்துவிட்டுப் பிறகு மாற்றுவார்களாக. கொல்லைப்புறத்துக்கு ஒரு விளக்கு, கழிப்பறைச் சுவரில் ஒரு கைப்பிடி, சொரசொரப்பான தளம், இவை போதும். மற்றவை பெரும்பாலும் நம்முடைய வசதிக்கும் பெருமைக்கும் செய்துகொள்ளுகிறவையே.

அந்த டைல்ஸுக்கு அடியில் கொட்டிய சிமெண்டைப் பற்றிய ஒரு விஷயம் பிற்பாடுதான் எனக்குத் தெரியவந்தது. எங்கள் கொட்டகைக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமலிருக்க, நத்தையைப் போலச் சுருண்ட ஒரு கல்லைத் தாத்தா அண்டை கொடுத்திருந்தார். ஏர் ஓட்டும்போது அகப்பட்டதாம். நாங்கள் அதன்மேல் உட்காருவோம், அதில் தேங்காய் உடைப்போம். அது என்னவென்று ஒருநாளும் கேட்டதில்லை. அது நத்தையன்று, ஏறக்குறைய பத்துக் கோடி வருஷங்களுக்கு முன்னே, கடல் காரை, குன்னம், அரியலூர்ப் பக்கங்களை மூடிக்கிடந்த காலத்தில் வாழ்ந்து, பூண்டற்றுப் போன அம்மோனைட் என்னும் பிராணியின் ஓடு. பக்கத்திலேயே சாத்தனூரில், கல்லாகிவிட்ட ஒரு மரம் 18 மீட்டர் நீளத்துக்குப் படுத்துக் கிடப்பதை, 1940-ஆம் ஆண்டில் இந்திய நிலவியல் துறையைச் சேர்ந்த டாக்டர் எம்.எஸ். கிருஷ்ணன் உலகுக்கு அறிவித்தார். அதே பழங்கடலின் கிளிஞ்சல்கள் படிந்து இறுகிய சுண்ணாம்புக்கல்லை வெட்டித்தான் அரியலூர்ச் சிமெண்ட் ஆலைகள் நடக்கின்றன; அரசாங்கமே 1979-இல் அங்கே ஒரு ஆலையை நிறுவியது. கடலைக் காய்ச்சி அம்மாயியின் காலடியில் ஊற்றியவன் நான் என்று இப்போது வேடிக்கையாகச் சொல்லிக்கொள்ளலாம். அன்று வேடிக்கையாக இல்லை. குழந்தைகளை அழைத்துப் போகிறவர்கள் சாத்தனூர்க் கல்மரத்தைக் காட்டத் தவறவேண்டாம். காரைப் பள்ளங்களில் கிடப்பதைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு வரவும் வேண்டாம்.

கோவிலுக்கு அழைத்துப்போகும் விஷயத்திலும் ஒருமுறை என் திட்டம் என்னை ஏமாற்றிற்று. இடுப்பு முறிந்த பிறகு அம்மாயி ஆசையோடு கேட்டது ஒன்றுதான்: சிறுவாச்சூர் மதுரகாளியம்மன். கார் பிடித்து, தலையணை வைத்து, மெல்ல மெல்ல அழைத்துப் போனேன், ஞாயிற்றுக்கிழமையன்று. விசேஷ தினங்கள் நீங்கலாக, அந்தச் சந்நிதி திறப்பது திங்களும் வெள்ளியும் மட்டுமே என்பது அந்தச் சுற்றுவட்டாரத்தில் பால் குடிக்கும் குழந்தைக்கும் தெரியும். அம்மாயிக்குத் தெரியாதா? "நீ கூப்புட்ட, வந்தேன்" என்றாள். பூட்டிய கதவுக்கு முன்னால் கற்பூரம் ஏற்றிவிட்டுத் திரும்பினோம். பெரியவர்களுக்காகத் திட்டம் போடுகிறவன் நாளை அவர்களிடமே கேட்டுக்கொள்வது உத்தமம்.

கேட்பதிலும் சூட்சுமம் உண்டு. "பழைய கதை ஏதாவது சொல்லுங்கள் தாத்தா" என்று கேட்டால், "என்னத்தச் சொல்றது" என்று முடித்துவிடுவார். ஆனால், வருஷத்தில் முக்கால்வாசி நாள் மணலாகக் கிடக்கும் மருதையாற்றைத் தாண்டும்போது, "இதில் வெள்ளம் எவ்வளவு உயரம் வந்தது?" என்று நான் தற்செயலாகக் கேட்ட அன்றைக்கு, வண்டியை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் பேசினார். 1956-ஆம் வருஷம் நவம்பர் 23-ஆம் தேதி விடியற்காலம், விடாது பெய்த மழையில் அரியலூருக்கு அப்பால் இதே ஆற்றின் பாலம் சரிந்து, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் வெள்ளத்தில் கவிழ்ந்து, நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டுபோனார்கள்; ரயில்வே மந்திரியாயிருந்த லால் பகதூர் சாஸ்திரி அதற்குப் பொறுப்பேற்றுப் பதவி துறந்தார். சரித்திரப் புஸ்தகம் இவ்வளவோடு நின்றுவிடும். அடுத்த மூன்று மாதம் எங்கள் ஊரில் யாரும் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுக்கவில்லை என்பதையும், தாத்தாவே அன்று முதல் ரயிலேறுவதில்லை என்று விட்டுவிட்டதையும், அந்த வண்டிப் பேச்சிலல்லாமல் வேறெங்கே நான் தெரிந்துகொண்டிருப்பேன்? (அரியலூர் இரண்டாம் முறை தனி ஜில்லாவானதும், 2007-இல், அதே நவம்பர் 23-ஆம் தேதியில்தான். தாத்தா இருந்திருந்தால் வேறு நாள் பார்க்கச் சொல்லியிருப்பார்.)

கேட்டவற்றை அன்றைக்கே எழுதிவைத்துவிடவேண்டும். தம் இளமையின் சில வருஷங்களை அரியலூரிலும் குன்னத்திலும் கழித்த உ.வே. சாமிநாதையர், அவ்வூர்களில் தமக்குப் பாடம் சொன்னவர்களையும் ஆதரித்தவர்களையும், எண்பது பிராயம் கடந்தபின் 1940-இல் ஆனந்த விகடனில் எழுதத் தொடங்கிய தம் சரித்திரத்தில் பெயர் பெயராக நினைவுகூர்ந்தார். அந்த ஞாபகசக்தி நம் போன்றவர்களுக்கு வாய்ப்பதில்லை. தாத்தா சொன்ன காட்டுப் பெயர்கள் ஒரு டஜன் இருக்கும். எனக்கு இன்று மூன்றுதான் நினைவிலிருக்கின்றன.

இருவரும் போய்ப் பல வருஷங்களாயின. வீடு மாமாவிடம் இருக்கிறது, முன்கட்டு காங்கிரீட்டாகிவிட்டது, கொட்டகை மட்டும் பழையபடி நிற்கிறது, கல்லும் அங்கேயே கிடக்கிறது. சென்ற தையில் என் பேத்தியை அழைத்துக்கொண்டு மூன்று இரவு தங்கினேன். பட்டறை போட்டார்கள், இப்போது படலுக்குப் பதில் கம்பி வலை. குழந்தை அதில் கைவிட முயன்று, வலைக்கண் சிறிதாக இருந்ததால் விரல்களை மட்டும் நுழைத்து, "குளுகுளுன்னு இருக்கு" என்றாள். புறப்படும்போது அத்தை அரைச் சாக்கு வெங்காயத்தைக் கட்டிவைத்து, "ஊருக்குப் போன ஒடனே அவுத்துக் காத்தாடப் பரப்பிடு, சாக்கோட போட்டு வெச்சியின்னா மூணு நாள்ல வெந்துடும்" என்று வண்டி நகரும் வரையில் சொல்லிக்கொண்டே வந்தாள். எங்கள் மாடிக் குடியிருப்பில் காற்று வரும் இடம் ஹாலில் மின்விசிறிக்கு அடிதான். நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு அங்கே பரப்பியிருக்கிறேன். வீடு முழுவதும் நெடி. இரண்டு நாளைக்கு ஒருமுறை பேத்தி வந்து குவியலுக்குள் கையை விட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறாள். இன்று காலையில் ஓரிடத்தில் சுடுகிறது என்றாள். பிரித்துப் பார்த்தேன். ஒன்றும் அழுகவில்லை. ஆனாலும் அவள் திருப்திக்காக ஒரு காயை எடுத்து வெளியே எறிந்தேன்.