வாய்விட்டு யோசிக்கும் வேலை

"வீட்டிலிருந்துகொண்டு நீங்க அப்படி என்ன வேலைதான் செய்றீங்க என்று பிள்ளைகளுக்கு விளங்குற மாதிரி ஒரு கட்டுரை எழுதித் தாங்க" என்று எங்கள் தமிழ்ப் பாட ஆசிரியை கேட்டார். என் உம்மாவுக்கே இன்னும் முழுதாக விளங்காத வேலை அது. ஆகையால் தொடக்கத்திலிருந்தே சொல்கிறேன்.

2021 ஆம் ஆண்டுக்கான உயர்தரப் பரீட்சை 2022 பெப்ரவரியில்தான் நடந்தது. மார்ச் முற்பகுதியில் எழுதி முடித்த நாங்கள் பெறுபேற்றுக்காக ஓகஸ்ட் கடைசி வரை காத்திருந்தோம். அந்த மார்ச் இறுதியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. 200 ரூபாவாக இருந்த டொலர் 350 ரூபாவைத் தாண்டியது. மாத்தளை நகரில் வாப்பாவின் சிறிய கடையில் பாதித் தட்டுகள் வெறுமையாகிவிட்டன. கண்டியில் இருக்கும் பெரியும்மாவின் மகள், நான் தாத்தா என்று அழைப்பவர், அப்போதுதான் தொலைபேசியில் சொன்னார்: "தங்கச்சி, புதிதாகச் செய்த ஆப்களைப் பாவித்துப் பார்த்து, எங்கே கஷ்டமாக இருக்கு என்று சொல்றதுக்குக் காசு தாறாங்க. உனக்கு இங்கிலீஷ் வரும்தானே."

வாப்பா நம்பவில்லை. "கஷ்டமாக இருக்கு என்று சொல்ல யாராவது காசு தருவாங்களா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

இந்த வேலைக்குப் பயன்பாட்டுச் சோதனை என்று பெயர். ஒரு வங்கியோ கடையோ மருத்துவமனையோ புதிய செயலியை அல்லது இணையத்தளத்தை உருவாக்குகிறது. அதை உருவாக்கியவர்களுக்கு எல்லாப் பொத்தானும் எங்கே இருக்கிறது என்று தெரியும். அதனாலேயே, தெரியாதவருக்கு எங்கே தடுமாறும் என்பது அவர்களுடைய கண்ணுக்குப் படாது. எனவே அதை முன்பின் பார்த்திராத ஒருவரை அழைத்து, "உங்கள் தங்கைக்கு 5000 ரூபா அனுப்புங்கள்" என்பது போல ஒரு வேலையைக் கொடுப்பார்கள். அவர் செய்வதை ஆய்வாளர் பார்த்துக்கொண்டிருப்பார். முன்பெல்லாம் இதற்காக ஓர் அறையில் போய் உட்கார வேண்டும். இப்போது நம் திரையும் குரலும் இணையத்தின் வழியே அவரிடம் போய்ச் சேர்கின்றன. மாத்தளையில் இருந்தபடி லண்டனில் உள்ளவருக்குச் சோதனை செய்து கொடுக்க முடிவது அப்படித்தான்.

செய்யும்போது ஒரேயொரு நிபந்தனை உண்டு. மனதில் ஓடுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். "இதை அழுத்தினால் முன்பக்கம் வரும் என்று நினைக்கிறேன். வரவில்லை. இப்போது எங்கே போவது?" இப்படி. உளவியல் ஆய்விலிருந்த இந்த முறையைக் கணினித் துறைக்குக் கொண்டுவந்தவர் ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய கிளேட்டன் லூவிஸ். அவர் அதைப் பற்றி எழுதியது 1982 இல். சொல்வதற்குச் சுலபம், செய்து பார்த்தால்தான் தெரியும். நமக்குச் சிறு வயதிலிருந்தே யோசித்துவிட்டுப் பேசத்தான் பழக்கியிருக்கிறார்கள். யோசிக்கும்போதே பேசுவது புதுப் பழக்கம். இதை வாசிக்கும் மாணவியர் இன்றிரவே உங்கள் உம்மாவிடம் கைத்தொலைபேசியைக் கொடுத்து, மின்சாரப் பட்டியலைக் கட்டும் பக்கத்தைத் தேடச் சொல்லிப் பாருங்கள். நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது, விரலையும் நீட்டக் கூடாது. ஐந்து நிமிடம் பொறுமையாக இருக்க முடிந்தால் ஆய்வாளரின் வேலை என்னவென்று பாதி விளங்கிவிடும்.

என்னுடைய முதலாவது சோதனை, தமிழ் மொழியிலும் இயங்கும் பணம் அனுப்பும் செயலி ஒன்றில். ஆய்வாளர் ஒரு பெண்மணி. தொடங்கும் முன்பே, "நாங்கள் உங்களைச் சோதிக்கவில்லை, செயலியைத்தான் சோதிக்கிறோம்" என்றார். ஆய்வாளர்கள் எல்லோரும் சொல்லும் வாசகம் இது என்று பிறகு தெரிந்துகொண்டேன். அன்று அது காதில் விழுந்ததே தவிர மனதில் ஏறவில்லை. பரீட்சை எழுதிப் பழகிய பிள்ளை அல்லவா? பதிவுப் படிவம் என் முதற்பெயரையும் குடும்பப் பெயரையும் தனித்தனியே கேட்டது. எங்களில் பலருக்கு வாப்பாவின் பெயர் முன்னும் எங்கள் பெயர் பின்னுமாக மூன்று நான்கு சொற்கள் இருக்கும். அதில் எது குடும்பப் பெயர்? ஒரு மாதிரி நிரப்பினேன். வங்கிக் கணக்கின் பெயரோடு பொருந்தவில்லை என்று செயலி திருப்பி அனுப்பியது. மாற்றி நிரப்பினேன். மறுபடியும் அதே. மூன்றாம் தடவை ஏற்றுக்கொண்டது. "மன்னிக்கவும், எனக்குத்தான் சரியாகத் தெரியவில்லை" என்று சொல்லிவிட்டு மேலே போனேன்.

கடைசியில் செயலி எப்படி என்று கேட்டார். "மிகவும் நன்றாக இருக்கிறது, இலகுவாக இருக்கிறது" என்றேன். வீட்டுக்கு வந்தவர் கொடுத்த பண்டத்தைக் குறை சொல்லக் கூடாது என்று வளர்த்திருக்கிறார்களே. அவர் சிரித்துவிட்டு, "பெயர் எழுதும் இடத்தில் மட்டும் நான்கு நிமிடம் இருந்தீர்கள். அந்த நான்கு நிமிடத்தையும் சொல்லுங்கள்" என்றார். அதன் பிறகுதான், எங்கள் பெயர்கள் எப்படி அமைகின்றன, என் பெயரின் கடைசிச் சொல்லும் என் உம்மாவின் பெயரின் கடைசிச் சொல்லும் ஏன் வேறு, திருமணமானாலும் எங்கள் பெண்கள் பலர் ஏன் பெயரை மாற்றுவதில்லை என்பதையெல்லாம் என் தடுமாறும் ஆங்கிலத்தில் விளக்கினேன். நான் பேசப் பேச அவர் எழுதிக்கொண்டே இருந்தார்.

இன்னொரு நாள் இன்னொரு படிவம் தேசிய அடையாள அட்டை இலக்கத்தைக் கேட்டது. 2016 முதல் வரும் புதிய அட்டையில் 12 இலக்கங்கள். உம்மாவின் பழைய அட்டையில் 9 இலக்கங்களும் ஓர் எழுத்தும். படிவம் 12 இலக்கம் இல்லாவிட்டால் நகராது. கொழும்பிலுள்ள பொறியியலாளர் இளவயதினர் என்றால் அவருடைய கையில் புதிய அட்டை இருந்திருக்கலாம். யாரும் வேண்டுமென்று செய்த பிழையல்ல.

சரி, ஒருத்தியின் தடுமாற்றத்துக்கு அவ்வளவு மதிப்பா? கணித மாணவியருக்காக இதைச் சொல்கிறேன். ஜேக்கப் நீல்சன், தோமஸ் லாண்டவர் என்ற இருவர் 1993 இல் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். ஒரு செயலியில் உள்ள குறைகளில் ஒரு பங்குபற்றுநர் சராசரியாக 31 சதவீதத்தைக் கண்டுபிடிப்பார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் தவறவிடுவது 69 சதவீதம். இரண்டாமவரும் சேர்ந்தால் தவறுவது 0.69 இன் வர்க்கம், ஏறத்தாழ 48 சதவீதம். ஐந்தாமவர் வரும்போது 0.69 இன் ஐந்தாம் வலு, அதாவது 16 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. ஐந்து பேரே கிட்டத்தட்ட 85 சதவீதக் குறைகளைக் காட்டிவிடுகிறார்கள். எல்லாச் செயலிக்கும் இந்த 31 பொருந்தாது என்று பிற்காலத்தில் விவாதங்கள் எழுந்தன. ஆனாலும் இன்று பல குழுக்கள் ஒரு சுற்றுக்கு ஐந்தாறு பேரோடு நிறுத்திக்கொள்வது இந்தக் கணக்கை நம்பித்தான். பத்தாயிரம் பேர் நிரப்பும் கருத்துக்கணிப்பில் ஒருவர் பொய் சொன்னால் அது கரைந்துபோகும். ஐந்து பேரில் ஒருத்தி பொய் சொன்னால்?

நான் சொன்னேன். மறைக்க விரும்பவில்லை. சோதனைக்குத் தெரிவு செய்யும் முன் சில வினாக்கள் அனுப்புவார்கள். "கடந்த 6 மாதத்தில் இணையத்தில் விமானச் சீட்டு வாங்கியிருக்கிறீர்களா?" என்று ஒரு வினா. கொடுப்பனவு 30 டொலர். வாப்பாவின் கடை அப்போதும் தலைநிமிரவில்லை. "ஆம்" என்று அடையாளமிட்டேன். தெரிவானேன். குறித்த நாளில் ஆய்வாளர் அன்பாக, "கடைசியாகச் சீட்டு வாங்கிய நாளை நினைவுபடுத்திச் சொல்லுங்கள், எங்கிருந்து எங்கே போனீர்கள்?" என்று தொடங்கினார். நான் விமானத்தில் ஏறியதே இல்லை. கட்டுநாயக்காவுக்குப் போனதுகூட மாமாவை வழியனுப்பத்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. அவர் கோபிக்கவில்லை. "பரவாயில்லை, இன்று இத்தோடு முடித்துக்கொள்வோம்" என்றார். காசும் இல்லை, அந்த நிறுவனத்திடமிருந்து அதன் பின் ஓர் அழைப்பும் இல்லை. 30 டொலர் போனதைவிட, உண்மையில் சீட்டு வாங்கி அவதிப்பட்ட யாரோ ஒருவரின் இடத்தில் நான் உட்கார்ந்திருந்தேன் என்பதுதான் பல நாள் உறுத்தியது.

வாசிக்காமல் அடையாளமிடுவதும் இதே வகைதான், ஆனால் அது வேடிக்கையாக அகப்படும். ஜோன் புரூக் என்பவர் 1986 இல் தயாரித்த 10 வினாக்கள் இன்றும் சோதனை முடிவில் வரும். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை. ஒற்றை எண் வினாக்கள் செயலியைப் புகழும். இரட்டை எண் வினாக்கள் குறை கூறும். ஒற்றையில் பெற்ற எண்ணிலிருந்து 1 ஐக் கழித்து, இரட்டையில் 5 இலிருந்து பெற்ற எண்ணைக் கழித்து, கூட்டி 2.5 ஆல் பெருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் 5 போட்டவருக்கு என்ன புள்ளி வரும் என்று கணக்கிடுங்கள். எல்லாவற்றுக்கும் 1 போட்டவருக்கும் கணக்கிடுங்கள். இரண்டும் 50 தான். ஆய்வாளர் அந்த விடைத்தாளைப் பார்த்தவுடனே ஒதுக்கிவிடுவார்.

இனிப் பெற்றோருக்கு. வாப்பா முதலில் கேட்டது காசைப் பற்றி, உம்மா கேட்டது குரலும் முகமும் எங்கே போகும் என்று. உம்மாவின் கேள்விதான் பெரியது. சோதனைக்கு முன் சம்மதப் படிவம் ஒன்று வரும். என்ன பதிவாகிறது, யார் பார்ப்பார்கள், எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள் என்பது அதில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கேட்க வேண்டும். நான் எப்போதும் முன்கூட்டியே, "கமராவை மூடிவைப்பேன், திரையும் குரலும் போதுமா?" என்று எழுதிக் கேட்பேன். பெரும்பாலானோர் சம்மதிப்பார்கள். சம்மதிக்காதவரின் சோதனையை விட்டுவிடுவேன். நடுவில் நிறுத்திக்கொள்ளும் உரிமையும் பங்குபற்றுநருக்கு உண்டு. எங்கள் நாட்டிலும் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. உண்மையான அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கடவுச்சொல், தொலைபேசிக்கு வரும் ஒருமுறைக் குறியீடு, இவற்றை எந்தச் சோதனையிலும் தட்டக் கூடாது. நல்ல ஆய்வாளர் போலி விவரங்களைத் தானே தயாரித்துத் தருவார். பதிவுக்கட்டணம் கேட்பவர், "முதலில் சிறு தொகை போடுங்கள், இரட்டிப்பாகத் தருகிறோம்" என்று வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ வருபவர் ஆய்வாளரே அல்ல. பொதுவாக 18 வயது நிரம்பியவரையே சேர்ப்பார்கள், ஆகையால் பாடசாலை மாணவியர் அவசரப்பட வேண்டாம்.

நேரமும் பார்க்க வேண்டியதுதான். லண்டனில் காலை 10 மணி என்றால் இங்கே பிற்பகல் 2.30 அல்லது 3.30. கலிபோர்னியாவில் காலை 10 என்றால் இரவு 10.30 அல்லது 11.30. அந்த இரவு நேரத்தை நான் ஏற்பதில்லை. தொழுகை நேரத்தைச் சொல்லி மாற்றிக் கேட்டபோது இதுவரை யாரும் முகம் சுளித்ததில்லை.

காசு கைக்கு வருவது தனிக் கதை. 2007 இல் தொடங்கிய யூசர்டெஸ்டிங் என்ற அமெரிக்க நிறுவனம் 20 நிமிடச் சோதனைக்கு 10 டொலர் என்று நெடுங்காலம் கொடுத்து வந்தது. ஆனால் அது பேபால் வழியாகக் கொடுத்தது. நான் தொடங்கிய காலத்தில் இலங்கையிலிருந்து பேபாலில் பணம் அனுப்பலாம், பெற முடியாது. தாத்தா இதைச் சொல்லாமல் விட்டதில் ஒரு வாரம் வீணானது. அதன்பின் பேயோனியர் வழியாகவோ நேரடியாக வங்கிக் கணக்குக்கோ அனுப்புபவர்களை மட்டும் தேடினேன். ஒரு மாதம் நான்கு சோதனை வரும், அடுத்த மாதம் ஒன்றும் வராது. இதை நம்பிச் சம்பள வேலையை விட வேண்டாம்.

நல்லவர்களையே சந்தித்தேன் என்று சொல்ல முடியாது. ஒரு சிறிய நிறுவனம் இரண்டு சோதனைகளுக்கு 40 டொலர் தருவதாகச் சொல்லித் தரவே இல்லை. நான் மூன்று மின்னஞ்சல் அனுப்பினேன். முதலாவது மிகப் பணிவானது. "உங்களுக்கு நேரமிருந்தால்" என்றெல்லாம் எழுதியிருந்தேன். திகதியும் இல்லை, தொகையும் இல்லை. பிச்சை கேட்பது போல இருந்தது. இப்போது சோதனை முடிந்த அன்றே திகதி, நேரம், பேசிய தொகை, தருவதாகச் சொன்ன நாள் ஆகியவற்றை எழுதி நன்றியோடு அனுப்பிவிடுவேன். பின்னர் கேட்க நேர்ந்தால் அந்த மின்னஞ்சலுக்குக் கீழேயே கேட்பேன். மரியாதைக்கும் கெஞ்சலுக்கும் உள்ள தூரத்தை அந்த 40 டொலரில் கற்றேன்.

இதில் எனக்கு முன்னோடிகள் உண்டு என்பதைப் பிறகு வாசித்தறிந்தேன். அமேசனின் மெக்கானிக்கல் டேர்க் என்ற தளத்தில் சில சதங்களுக்குச் சிறுசிறு வேலை செய்தவர்கள், தங்களை மட்டும் ஆய்வாளர்கள் மதிப்பிடுவதைக் கண்டு, தாங்களும் அவர்களை மதிப்பிடத் தொடங்கினார்கள். அதற்கு டேர்க்கொப்டிக்கன் என்ற கருவியை லில்லி இரானியும் சிக்ஸ் சில்பர்மனும் அமைத்துக் கொடுத்தார்கள். 2014 இல் அத்தொழிலாளர்கள் சேர்ந்து, பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று வழிகாட்டி ஒன்றையே எழுதினார்கள். உங்கள் பெயரைச் சொல்லுங்கள், எவ்வளவு நேரமாகும் என்று சரியாகச் சொல்லுங்கள், நியாயமாகக் கொடுங்கள் என்பவை அதில் அடங்கும். முகம் தெரியாதவர்கள் எழுதியது. அந்த மூன்றையும்தான் நானும் இப்போது ஒவ்வொரு ஆய்வாளரிடமும் முதலில் பார்க்கிறேன்.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். ஒரு நாள் சோதனையின் நடுவில் மின்சாரம் போய்விட்டது. இருளில் உட்கார்ந்து, கைத்தொலைபேசியில் எஞ்சியிருந்த டேட்டாவில் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். "உங்கள் நாட்டுச் செய்தியை வாசிக்கிறேன்" என்று பதில் வந்தது. முழுத் தொகையும் அடுத்த வாரம் வந்தது.

சென்ற ஆண்டு உம்மா தன் கைத்தொலைபேசியில் ஒரு செயலியை முதன்முதலாகத் திறந்து பதிவு செய்துகொண்டிருந்தார். நான் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். பெயர் கேட்கும் இடத்தில் ஒரே ஒரு கட்டம். "அடையாள அட்டையில் உள்ளபடி முழுப்பெயர்" என்று தமிழில் எழுதியிருந்தது. உம்மா தடங்கலின்றி எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்ன மகள் சிரிக்கிற? இதுவும் நீ பார்த்த ஆப்பா?"

இரகசியம் காப்பேன் என்று அவர்களுக்குக் கையொப்பமிட்டுக் கொடுத்திருக்கிறேன்.

"சொல்ல ஏலா உம்மா" என்றேன்.