விரக்தியின் விளிம்பில் ஓர் உறுதுணை

அசோகவனத்தில் அரக்கியர் நடுவே சிறையிருந்த சீதாதேவி, இனி வாழ்வதில் பொருளில்லை என்று முடிவு செய்கிறாள். மரத்தின் மேல் மறைந்திருந்து அதை அறிந்த அனுமன், உடனே அவள்முன் குதித்து நின்றுவிடவில்லை. எந்த மொழியில் பேசினால் அவள் அஞ்சமாட்டாள் என்று முதலில் ஆராய்ந்ததாக வால்மீகி கூறுகிறார். பின்னர் இனிய குரலில் இராமகதையைச் சொல்கிறான், அவளது ஐயங்களைப் பொறுமையுடன் தீர்க்கிறான், கணையாழியைத் தருகிறான். இன்னும் ஒரு மாதம் உயிர் தரித்திருப்பதாகச் சீதை அவனிடம் சொல்லி அனுப்புகிறாள்.

அந்த வேளையில் சிறை உடையவில்லை. துன்பத்தின் காரணங்களும் நீங்கவில்லை. ஆயினும் ஓர் உயிர் நிலைத்தது. அவளைத் தேடி ஒருவர் வந்தார். அவளுக்குப் புரியும் மொழியில் பேசினார். நம்பிக்கைக்கு ஓர் அடையாளம் தந்தார். அதனால் சிறிது காலம் கிடைத்தது. இன்றைய தற்கொலைத் தடுப்புப் பணியும் இந்த நான்கையே அடிப்படையாகக் கொண்டுள்ளது.

துயரத்தின் அளவு

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் பதிவுகளின்படி, 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலையால் உயிரிழந்தனர். குடும்பப் பிரச்சினைகளும் நோயும் சேர்ந்து இவற்றில் ஏறக்குறைய பாதிக்குக் காரணங்களாகக் குறிக்கப்பட்டுள்ளன. எனினும், ஒரே காரணத்தால் எவரும் அந்த விளிம்புக்குச் செல்வதில்லை. மனச்சோர்வு, கடன், மதுப்பழக்கம், தனிமை, அவமானம் ஆகியவை ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். ஆனால் சாக வேண்டும் என்ற உந்துதலின் உச்சம் பெரும்பாலும் குறுகியதே; அலைபோல் எழுந்து தணிவது. அந்த அலை தணியும்வரை அருகில் ஒருவர் இருந்தால், பல உயிர்கள் காப்பாற்றப்படுகின்றன.

சட்டத்தைப் பற்றிய அச்சம்

போலீஸ் வழக்கு வரும் என்று அஞ்சிச் சில குடும்பங்கள் மருத்துவமனைக்குச் செல்லத் தயங்குகின்றன. இந்த அச்சம் இன்று தேவையற்றது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018-இல் நடைமுறைக்கு வந்தது. தற்கொலைக்கு முயன்றவர், மாறாக நிரூபிக்கப்பட்டாலன்றி, கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும் என்று அதன் 115-ஆம் பிரிவு கூறுகிறது. அவருக்குப் பராமரிப்பும் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்றும் அது விதிக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைத் தண்டித்த பழைய 309-ஆம் பிரிவு இடம்பெறவில்லை. அரசு ஊழியரை நிர்ப்பந்திக்கும் நோக்கத்துடன் செய்யப்படும் முயற்சி மட்டுமே அதில் குற்றமாக வைக்கப்பட்டுள்ளது.

உதவி எங்கே கிடைக்கும்?

மத்திய அரசு 2022 அக்டோபர் 10-ஆம் நாள் தொடங்கிய டெலி-மானஸ் என்னும் தொலைபேசிச் சேவையின் எண் 14416. கட்டணமில்லை, இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் நிறுவனம் இதன் தலைமை மையம். தமிழ் உள்ளிட்ட 20 மொழிகளில் இச்சேவை அளிக்கப்படுகிறது. அழைப்பை முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஏற்பார். தேவையானால் மனநல மருத்துவரிடம் இணைப்பார், அல்லது அருகிலுள்ள மருத்துவமனைக்கு வழிகாட்டுவார். துயருறுபவர்தான் அழைக்க வேண்டும் என்பதில்லை. அவரைக் கவனித்துக்கொள்பவரும் அழைத்து ஆலோசனை பெறலாம்.

தொலைபேசிக் குரல் முதற்படி மட்டுமே. 1996-இல் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டம் இன்று நாட்டின் பெரும்பாலான மாவட்டங்களுக்கு விரிந்துள்ளது. அதன்கீழ் மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநல வெளிநோயாளர் பிரிவு இயங்குகிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் இப்பிரிவு உண்டு. சில நகரங்களில், பிறர் துயரைக் கேட்பதையே தொண்டாகக் கொண்ட அமைப்புகளும் உள்ளன. 1986-இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் நிறுவிய ‘சிநேகா’ அவற்றுள் முன்னோடியாகும்.

உயிருக்கு உடனடி ஆபத்து இருக்குமானால் ஆலோசனைக்காகக் காத்திருக்கலாகாது. 112 என்ற அவசர எண்ணை அழைக்க வேண்டும். அல்லது அருகிலுள்ள மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அவரை உடனே அழைத்துச் செல்ல வேண்டும்.

முன்கூட்டியே செய்ய வேண்டியது

நெருக்கடி வந்தபின் முகவரி தேடுவது, வீடு தீப்பற்றியபின் கிணறு வெட்டுவதற்கு ஒப்பாகும். ஆகவே ஒவ்வொரு படிப்பு வட்டமும் தன் ஊருக்குரிய விவரங்களை ஒரு தாளில் எழுதி வைக்கலாம். 14416, 112 ஆகிய எண்கள். மனநலப் பிரிவு உள்ள அருகிலுள்ள அரசு மருத்துவமனை, அது இயங்கும் நாட்கள், நேரம். இரவிலும் திறந்திருக்கும் அவசர சிகிச்சைப் பிரிவு. நள்ளிரவிலும் துணைக்கு வரக்கூடிய இருவரின் பெயர் ஆகியவை அதில் இருக்க வேண்டும். தொண்டு அமைப்புகளின் எண்களும் நேரங்களும் மாறக்கூடியவை. எனவே ஆறு மாதத்திற்கு ஒருமுறை அழைத்துச் சரிபார்க்க வேண்டும்.

எதிரில் ஒருவர் கலங்கி நிற்கும்போது

‘சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா?’ என்று நேரடியாக, கனிவுடன் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. மறைத்து வைத்த சுமையை இறக்கிவைக்க அது வழி செய்யும். ‘ஆம்’ என்றால் அவரைத் தனியே விடலாகாது. தீங்கு விளைவிக்கக்கூடிய பொருட்களை அவர் கைக்கு எட்டாதபடி அகற்ற வேண்டும். யாரிடமும் சொல்வதில்லை என்று வாக்களிக்கலாகாது. மருத்துவரிடமோ உறவினரிடமோ அவரைச் சேர்ப்பதே பொறுப்பு.

அன்பர்கள் சிலர் இத்தருணத்தில் கர்மவினையைப் பற்றிப் பேசத் தொடங்குவதுண்டு. ‘பக்தி குறைவு, ஜபம் செய்தால் சரியாகும்’ என்பாரும் உளர். ஏற்கெனவே தன்னைத் தாழ்வாக எண்ணுபவர் இதைக் கேட்டால், இறைவனும் தன்னைக் கைவிட்டான் என்றே கொள்வார். நீரிழிவுக்கு மருந்து உண்பவர் பிரார்த்தனையை விட்டுவிடுவதில்லை, மனச்சோர்வுக்கும் அவ்வாறே. உபதேசத்திற்கு உரிய காலம் பின்னால் வரும். அப்போது தேவைப்படுவது செவி.

விசாரிப்பின் வலிமை

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய பின்னுள்ள வாரங்களில் ஆபத்து மிகுதி. ஆனால் அப்போதுதான் சுற்றத்தார், பிரச்சினை தீர்ந்ததென்று கலைந்து விடுகின்றனர். சென்னை, கொழும்பு உள்ளிட்ட ஐந்து இடங்களில் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வொன்று 2008-இல் வெளியாயிற்று. தற்கொலைக்கு முயன்று சிகிச்சை பெற்றவர்களில் ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சையுடன் ஒரு மணி நேர விளக்கமும், 18 மாதங்களில் ஒன்பது முறை தொலைபேசி வழியாகவோ நேரிலோ விசாரிப்பும் அளிக்கப்பட்டன. அப்பிரிவினரில் தற்கொலையால் இறந்தோர் 0.2 சதவீதம், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றோரில் 2.2 சதவீதம்.

‘எப்படி இருக்கிறீர்கள், இந்த வாரம் தூக்கம் வந்ததா, மாத்திரை சாப்பிட்டீர்களா’ என்ற சாதாரணச் சொற்களில் இத்தகைய ஆற்றல் அடங்கியிருக்கிறது. இதற்குப் பெரிய படிப்போ பதவியோ தேவையில்லை. மறவாமல் மீண்டும் மீண்டும் கேட்கும் உள்ளம் போதும்.

சிந்தனைக்கு

1. உங்கள் ஊரில் மனநல வெளிநோயாளர் பிரிவு எந்த மருத்துவமனையில், எந்த நாட்களில் இயங்குகிறது?

2. அண்மைக் காலமாக ஒதுங்கியிருக்கும் அன்பர் எவர்? அவரை இந்த வாரம் யார் சென்று காண்பது?

3. ஒருவர் தம் துயரைச் சொல்லும்போது, அறிவுரை கூறாமல் எவ்வளவு நேரம் கேட்க முடிகிறது?