போர்க்கள ஆட்டங்களுள் முதலாவது எது?

பலகைமேற் படைகளை நிறுத்திப் பொருதும் ஆட்டங்களில் இளைஞர்க்கு இயல்பாகவே விருப்பம் உண்டு. சிப்பாய், பீரங்கி, கவசவாகனம் ஆகியவற்றின் சிற்றுருவங்கள் நிறைந்த பெட்டியொன்றைக் கண்ட மாணவன் அவ்விடத்தை விட்டு அகல மனங்கொள்ளான். ஆயினும், விலைகொடுத்து வாங்கிய பெட்டி இருமுறை திறக்கப்பட்டு, அதன்பின் அலுமாரியின் மேற்றட்டிலே துயில்வதையும் நாம் காண்கின்றோம். இதற்குக் காரணம் மாணவனது மந்தமன்று; தெரிவிலே நேர்ந்த பிழையே ஆகும். ஆகவே, புதிதாகத் தொடங்குவோன் எவ்வாட்டத்தை முதலிற் கைக்கொள்ள வேண்டும் என்பதை, ஊவா மாகாணத் தோட்டப்புற மாணவரைச் சிறப்பாக மனத்திற்கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

எம் கருத்திலே தலையாய அளவுகோல் ஒன்றே. தோற்றவன் தான் ஏன் தோற்றான் என்பதைத் தானே கண்டு சொல்லத்தக்க ஆட்டமே முதலாட்டமாதற்கு உரியது. காரணம் விளங்காத தோல்வி சலிப்பைத் தரும். காரணம் விளங்கிய தோல்வி மறுபடி ஆடத் தூண்டும். விதிகளைக் கால்மணி நேரத்திற் சொல்லி முடித்தல், ஓராட்டம் ஒருமணி நேரத்துக்குள் முடிதல், தொலைந்த காய்க்கு ஈடாக வேறொன்றை எளிதில் வைத்தல் ஆகியவை இதனை அடுத்து நோக்கத்தக்கவை.

இவ்வகை ஆட்டங்களின் வரலாறு நெடியது. யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நால்வகைப் படையுறுப்புகளாற் பெயர்பெற்ற சதுரங்கம் பாரதநாட்டிலே தோன்றிப் பாரசீகம், அரபுநாடு வழியாக ஐரோப்பாவை அடைந்தது. பிரஷ்ய நாட்டினரான ரைஸ்விட்ஸ் என்பார் 1812 ஆம் ஆண்டில் மேசைமீது நிலத்தோற்றம் அமைத்து ஆடும் போராட்டமொன்றைத் தம் மன்னருக்குக் காட்டினார். அவர் மைந்தர் 1824 ஆம் ஆண்டில் அதனை நிலப்படத்தின்மீது ஆடும் இராணுவப் பயிற்சியாகத் திருத்தி வெளியிட்டார். ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1913 ஆம் ஆண்டில் பொம்மைச் சிப்பாய்களைக் கொண்டு ஆடும் விதிகளை நூலாக்கினார். பொம்மைப் போரைச் சிலமுறை ஆடியவனுக்கே மெய்ப்போரின் மடமை விளங்கும் என்பது அந்நூலில் அவர் கூறிய முடிபு. மறுவருடமே முதலாம் உலகப்போர் மூண்டது. 1983 முதல் 2009 வரை உள்நாட்டுப் போரைக் கண்ட இந்நாட்டிலே, பிள்ளைகள் போராட்டம் ஆடுதல் தகுமோ என ஐயுறுவோர்க்கு வெல்ஸின் கூற்று ஓரளவு விடையாகும்.

இனி, மூன்று படிகளைக் கூறுவோம்.

முதற்படி ஆடுபுலி. மூன்று புலிகள், பதினைந்து ஆடுகள், 23 சந்திகள் கொண்ட கோட்டுப்படம் என்பனவே இதற்குத் தேவை. லயத்து வாயிலிலே கரிக்கட்டியாற் கோடு கிழித்து, பெருங்கல் மூன்றையும் சிறுகல் பதினைந்தையும் பொறுக்கினால் ஆட்டம் ஆயத்தம். ஆடுகளை ஒவ்வொன்றாக வைத்து முடித்த பின்னரே அவற்றை நகர்த்தலாம். புலியோ தாவி ஆட்டை வெட்டும். ஆடுகள் ஒன்றையொன்று காத்துப் புலிகளை அசையவொட்டாது மறித்தால் வெற்றி. இங்கே பகடை இல்லை, அதிர்ஷ்டமும் இல்லை. தனித்து நின்ற ஆடு வெட்டுண்டது என்பதை ஆறு வயதுப் பாலகனும் காண்பான். வலிமை சமமில்லாத இரு பக்கங்கள் மோதுதலின், எளியோர் ஒன்றுகூடி வலியோரை மறிக்கும் வகையும் தெளிவாகும்.

இரண்டாம்படி சதுரங்கம். ஆறுவகைக் காய்களையும் ஒரே நாளிற் கற்பித்தல் தொடங்குவோனைத் திகைக்க வைக்கும். முதலில் இருபக்கமும் எட்டுக் காலாட்களை மாத்திரம் நிறுத்தி, எதிரியின் கடைசி வரிசையை முந்தி அடைபவன் வென்றான் என்று ஆடுக. பின்னர் அரசனையும், அதன்பின் ஒவ்வொரு காயாக ஏனையவற்றையும் சேர்த்துக்கொள்க. சென்னையிற் பிறந்த குகேஷ் 2024 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்திலே, தமது பதினெட்டாவது வயதில், சிங்கப்பூரில் உலகச் சாம்பியன் பட்டத்தை வென்றார் என்பதை எம் மாணவர் நன்கறிவர். அவரும் காலாளை ஒரு கட்டம் நகர்த்தியே தொடங்கியிருப்பார்.

மூன்றாம்படியே பெட்டியில் வரும் சிற்றுருவ ஆட்டம். இவற்றுள் 1987 இல் தோன்றிய 'வோர்ஹாமர் 40,000' போன்றவை உருவங்களைத் தனித்தனியே வாங்கி, ஒட்டி, வர்ணந்தீட்டி ஆடுவன. அவை நெடுங்காலப் பொழுதுபோக்காதற்கு ஏற்றவை. தொடங்குவோனுக்குப் பொருளும் பொழுதும் மிகுதியாக வேண்டுவன. றிச்சட் போர்க் வகுத்து 2004 ஆம் ஆண்டில் வெளிவந்த 'மெமுவார் 44' என்பதையே நாம் பரிந்துரைப்போம். 1944 ஆம் ஆண்டின் நோர்மண்டித் தரையிறக்கத்தை ஒட்டியெழுந்த இவ்வாட்டத்திலே 144 படையுருவங்கள் உள. காலாட்பிரிவுக்கு நான்கு, கவசவாகனப் பிரிவுக்கு மூன்று, பீரங்கிப் பிரிவுக்கு இரண்டு என உருவங்கள் நிற்கும். இடப்பக்கம், நடு, வலப்பக்கம் எனக் குறித்த கட்டளைச் சீட்டுகளால் அறுகோணக் கட்டங்களின்மீது அவற்றை நகர்த்த வேண்டும். சீட்டிலுள்ள ஆங்கிலத்துக்கு ஆசிரியர் ஒருவர் தமிழிற் பொருளெழுதி உதவலாம்.

எனினும், இங்கே பகடையும் சீட்டும் புகுதலின் தோல்விக்குக் காரணம் சற்றே மறைந்துவிடும். இதனாலேயே இதனை மூன்றாவதாக வைத்தோம். ஓராட்டம் முடிந்ததும் பக்கம் மாறி மீண்டும் ஆடி, இரண்டிலும் பெற்ற பதக்கங்களைக் கூட்டிப் பார்ப்பின், அதிர்ஷ்டம் எவ்வளவு, ஆடுவோனின் பிழை எவ்வளவு என்பது ஒருவாறு புலப்படும். பெட்டியை ஒவ்வொருவரும் வாங்குதல் அரிது. கல்லூரிக் கழகம் ஒன்றை வாங்கினால் வகுப்பு முழுவதும் ஆடலாம். பழைய மாணவர் இதனைக் கவனிப்பாராக.

இம்மூன்றையும் கடந்த மாணவர் தாமே ஓராட்டம் வகுக்கலாம். அதற்குரிய களம் அயலிலேயே உளது. 1630 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா பதுளைவரை படைநடத்திச் சென்று அந்நகரை எரித்தார். திரும்பும் வழியில் வெல்லவாயவுக்கு அண்மையிலுள்ள ரந்தெனிவெலையிலே கண்டிப் படையாற் சூழப்பட்டு மாண்டார். அவருடன் வந்த சுதேச வீரர் பலர் நடுவழியிற் பக்கம் மாறினர். மலைச்சரிவு, ஒடுங்கிய வழி, பக்கம் மாறும் துணைப்படை ஆகிய மூன்றுக்கும் விதி எழுதிப் பார்க்கும் மாணவன், வரலாற்றையும் புவியியலையும் ஒருங்கே கற்றவனாவான்.

நிலப்படம் வாசிக்கும் பழக்கம் ஆட்டத்துக்கு மட்டும் உரியதன்று. கொஸ்லாந்தைக்கு மேலுள்ள மீரியபெத்தத் தோட்டத்தின் லயங்களை 2014 ஆம் ஆண்டு ஒக்டோபர் 29 ஆந் திகதி மண்சரிவு மூடிய துயரத்தை நாம் மறவோம். அது விளையாட்டன்று, அதனை விளையாட்டோடு ஒப்பிடவும் துணியோம். ஆயின், சமவுயரக் கோடுகளை நோக்கி, இச்சரிவு எவ்வளவு செங்குத்தானது, நீர் எவ்வழி இறங்கும் என்று வினவக் கற்ற பிள்ளை, தன் குடியிருப்பின் மேலுள்ள மலையையும் அவ்வாறே நோக்குவான். 'இது ஏன் நேர்ந்தது?' என்னும் கேள்வியைக் கூழாங்கல் பதினெட்டைக்கொண்டு கற்பிக்கத் தொடங்கலாம். அதனாலேயே ஆடுபுலியை முதலாவதாக வைத்தோம்.