பட்டியல் போடும் தம்பிக்கு

அன்புத் தம்பி,

உலகச் சாம்பியன்ஷிப் ஆண்கள் பிரிவுக்கு நீ எழுதிய முன்னோட்டத்தைப் படித்தேன். ஃபிகர் ஸ்கேட்டிங் பற்றித் தமிழில் எழுத ஆள் குறைவு என்பதால் முதலில் சந்தோஷப்பட்டேன். அப்புறம்தான் உறுத்தியது. ஒவ்வொருவரும் இந்த சீசனில் எடுத்த உச்சப் புள்ளியை எடுத்து, மேலிருந்து கீழாக அடுக்கி, 'முதல் ஐந்து பேர்' என்று போட்டுவிட்டாய். அதற்கு ஒரு கால்குலேட்டர் போதுமே. உச்சப் புள்ளி, எல்லாம் கூடிவந்த ஒரு நாளின் கணக்கு. பெரிய போட்டிகளில் பாதிப் பேருக்கு அன்றைக்கு ஏதாவது ஒன்று பிசகும். பிசகினால் யாருக்கு எவ்வளவு போகும் என்ற கணக்கு உன் கையில் இருக்க வேண்டும்.

குவாட், அதாவது நான்கு சுற்றுத் தாவல், அதில் குவாட் லட்ஸை எடுத்துக்கொள். அடிப்படை மதிப்பு 11.5. நடுவர்கள் தாராளமாகத் தரம் போட்டால் 15, 16 வரை போகும். நான்கு சுற்றும் முடித்துவிட்டு விழுந்தால் பாதி மதிப்பு போய், விழுந்ததற்கு இன்னொரு புள்ளியும் கழிந்து 4.75 மிஞ்சும். காற்றில் மனம் மாறி இரண்டு சுற்றோடு இறங்கினால்? போட்டியின் இரண்டாம் பகுதியான ஃப்ரீ ஸ்கேட்டில் ஏதோ சில்லறையாவது கிடைக்கும். முதல் பகுதியான ஷார்ட் புரோகிராமில், தனித் தாவல் என்றால், அது பூஜ்யம். விழாமல் நின்றவர், விழுந்தவரைவிட அதிகம் இழக்கிறார்! டிவியில் பார்ப்பவருக்கு இது தெரியாது. முன்னோட்டம் எழுதுகிறவனுக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது.

2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் யுசுரு ஹன்யூவுக்கு நடந்தது இதுதான். ஷார்ட்டில் குவாட் சால்கோ ஒற்றைச் சுற்றோடு நின்றது. பனியில் இருந்த குழியில் பிளேடு சிக்கியது என்று பிறகு சொன்னார். அந்தத் தாவலுக்குப் பூஜ்யம், 95.15 புள்ளியோடு எட்டாம் இடம். கடைசியில் நான்காவதாக வந்தார். வெண்கலம் வாங்கிய ஷோமா உனோவுக்கும் அவருக்கும் இடைவெளி 9.79. சால்கோவின் அடிப்படை மதிப்பு மட்டுமே 9.7 என்பதைப் பக்கத்தில் எழுதிவைத்துப் பார்.

ஷார்ட்டில் தாவல் வாய்ப்பு மூன்றுதான், ஃப்ரீயில் ஏழு. ஷார்ட்டில் விட்டதை ஃப்ரீயில் பிடிக்க முடியுமா என்பது, அந்த ஏழில் எத்தனை குவாட் வைத்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது. ஆகவே ஷார்ட் முடிந்ததும் யார் எத்தனையாவது இடம் என்று பார்த்துப் பதறாதே. புள்ளி வித்தியாசத்தைப் பார். 2018 பியாங்சாங்கில் நேத்தன் சென் ஷார்ட்டில் மூன்று தாவலிலும் தடுமாறி 17ஆம் இடத்துக்குப் போனார். மறுநாள் ஆறு குவாடோடு 215.08 எடுத்து, ஃப்ரீயில் எல்லோரையும் முந்தி, மொத்தத்தில் ஐந்தாவது வந்தார். பதக்கம் மட்டும் எட்டவில்லை.

எட்டியவரும் உண்டு. 2024 மாண்ட்ரியல் உலகச் சாம்பியன்ஷிப். பிரான்சின் ஆடம் சியாவ் ஹிம் ஃபா ஷார்ட்டில் 77.49 எடுத்து 19ஆம் இடம். முதலிடத்தில் 107.72 புள்ளியோடு உனோ. முப்பது புள்ளிக்கு மேல் பள்ளம். ஆடம் ஃப்ரீயில் 206.90 எடுத்தார், அதுவும் அப்போது தடைசெய்யப்பட்டிருந்த பின்குட்டிக்கரணம் அடித்து இரண்டு புள்ளியைக் கழித்துக்கொண்டு. (அந்தத் துணிச்சலை ரசித்தேன் என்று சொன்னால் நடுவர்கள் கோபித்துக்கொள்வார்கள்.) ஆரம்பத்திலேயே ஆடி முடித்துவிட்டு, பின்னால் வருகிறவர்கள் ஒவ்வொருவராகத் தன்னைத் தாண்டாமல் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். உனோவின் ஃப்ரீ 173.13. வெண்கலம் 3.54 புள்ளி வித்தியாசத்தில் ஆடமுக்கு.

அதே போட்டியில் தங்கத்தைக் கணிப்பது சுலபம். இலியா மலினின் ஷார்ட்டில் மூன்றாவதுதான். ஆனால் ஃப்ரீயில் குவாட் ஆக்ஸல் உட்பட ஆறு குவாட், 227.79. இரண்டாவது வந்த யூமா ககியாமாவைவிட மொத்தத்தில் 24 புள்ளி கூட. ஒரு குவாடில் விழுந்திருந்தாலும் தங்கம் அவருக்குத்தான். எனவே முதலிடத்துக்கு நாலு வரி போதும். உன் பக்கத்தை மூன்றாம் இடத்துக்குச் செலவழி.

குவாட் எண்ணிக்கையிலும் மயங்கிவிடாதே. மாண்ட்ரியலில் ஜேசன் பிரவுன் ஒரு குவாட்கூட இல்லாமல் ஐந்தாவது வந்தார். ஸ்கேட்டிங் திறன், அமைப்பு, வெளிப்பாடு என்று நடுவர்கள் தனியாகப் போடும் மதிப்பெண்ணில் அவருக்குக் குறைவே வருவதில்லை. குவாட்காரர்கள் வரிசையாக விழும் நாளில் இப்படிப்பட்டவர் சத்தமில்லாமல் மேலே ஏறிவிடுவார். உன் பட்டியலில் இந்த ரகத்தில் ஒருவர்கூட இல்லை.

ஒவ்வொரு போட்டிக்குப் பிறகும் வெளியாகும் புரோட்டோகால் என்ற மதிப்பெண் தாளை வரிவரியாகப் படி. சுற்று போதாத தாவல் பக்கத்தில் கூர்க்குறி இருக்கும். அடிப்படை மதிப்பில் 80 சதவீதம்தான் கிடைத்திருக்கும். இரட்டைக் கூர்க்குறி என்றால் குவாடை டிரிபிள் கணக்கில் போட்டிருப்பார்கள். அந்தக் குறி எங்கே விழுகிறது என்று கவனி. ஃப்ரீயின் கடைசி மூன்று தாவலுக்குப் பத்து சதவீதம் போனஸ் உண்டு. அந்த ஆசையில் பெரிய தாவல்களைப் பின்னால் தள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒருவருக்குப் போட்டிக்குப் போட்டி அங்கேயே கூர்க்குறி விழுந்தால், கால் களைத்துவிடுகிறது என்று அர்த்தம். காகிதத்தில் இருக்கும் போனஸை அவர் கணக்கிலிருந்து எடுத்துவிடு.

உள்நாட்டுச் சாம்பியன்ஷிப் புள்ளிகளைத் தொடவே தொடாதே. சொந்த ஊரில் நடுவர் கை தாராளம். சர்வதேச ஸ்கேட்டிங் சங்கமான ஐஎஸ்யு அவற்றைத் தன் பதிவில் சேர்ப்பதும் இல்லை. ஒரு நாட்டுக்கு அதிகபட்சம் மூன்று பேர்தான் என்பதால், போட்டி அதிகமுள்ள ஜப்பானில் தேர்வு முடியும்வரை அங்கிருந்து யார் பெயரையும் உறுதியாக எழுதாதே.

இப்போது ஒரு வேலை. உன் ஐந்து பேருக்கும் பக்கத்தில் இரண்டிரண்டு எண் எழுது: எல்லாம் சரியாக நடந்தால் எவ்வளவு, ஒரு குவாட் போனால் எவ்வளவு. இரண்டாவது எண்ணை வைத்து வரிசையை மறுபடி போட்டு, இரண்டு பட்டியலையும் எனக்கு அனுப்பு. எந்தப் பெயர் இடம் மாறுகிறதோ அவரைப் பற்றித்தான் உன் அடுத்த கட்டுரை.

அன்புடன்,
உன் அண்ணன்