இலையுதிர்காலமும் பிள்ளையின் தமிழும்

ரொறன்ரோவில் செப்ரெம்பர் கடைசியில் மேப்பிள் மரங்கள் நிறம் மாறத் தொடங்கும். நவம்பர் நடுவில் பெரும்பாலான கிளைகள் வெறுமையாகிவிடும். இந்தப் பருவத்தைப் பள்ளியில் ஆங்கிலத்தில் படித்துவிட்டு வரும் பிள்ளை, அதையே வீட்டில் தமிழில் கதைக்க வேண்டும். இல்லாவிட்டால் தமிழ் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் மட்டுமான மொழியாகச் சுருங்கிவிடும். நான்கு முதல் ஏழு வயதுப் பிள்ளைகளின் பெற்றோருக்காக இந்தக் குறிப்புகள்.

செய்ய வேண்டியவை

• முதலில் வெளியே கூட்டிப் போங்கள், புத்தகம் பிறகு. சருகு காலடியில் நொறுங்கும்போதே "சருகு", "நொறுங்குது", "சரசரக்குது" என்று சொல்லுங்கள். காதில் கேட்ட ஓசையோடு சொல்லும் மனதில் பதியும்.

• ஆங்கிலப் படப் புத்தகத்தையும் தமிழில் சொல்லுங்கள். லோயிஸ் ஏலர்ட்டின் 'லீஃப் மேன்' (2005) இலைகளாலேயே உருவங்கள் அமைத்த புத்தகம். அதைப் பார்த்தபின், பொறுக்கி வந்த இலைகளைப் பிள்ளை ஒட்டி ஓர் உருவம் செய்யட்டும்; அதற்குப் பெயர் வைத்துக் கதை சொல்லட்டும். சொன்னதை அப்படியே எழுதி, பிள்ளைக்கே வாசித்துக் காட்டுங்கள்.

• எண்ண வையுங்கள். கனடியக் கொடியின் இலைக்கு 11 முனைகள். கையிலிருக்கும் இலைக்கு எத்தனை?

• "ஏன் மஞ்சளாகுது?" என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். பகல் குறுகிக் குளிர் வரும்போது பச்சையம் சிதைகிறது. இலைக்குள் முன்பே இருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. மேப்பிளின் சிவப்பு பெரும்பாலும் அந்த நாட்களில் புதிதாக உண்டாவது. ஐந்து வயதுப் பிள்ளைக்கும் இது விளங்கும்.

• அம்மம்மா யாழ்ப்பாணத்தில் இருந்தால், வீடியோ அழைப்பில் அவருக்கு இலையைக் காட்டும்படி பிள்ளையிடம் சொல்லுங்கள். இங்கே இலை உதிரும் ஒக்டோபரில் அங்கே மாரி மழை தொடங்கும். இருவருக்கும் கதைக்க நிறைய இருக்கும்.

செய்யக்கூடாதவை

• சொற்பட்டியல் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள். கண்டு தொட்ட ஐந்து சொற்கள் போதும்.

• ஆங்கிலம் கலந்தால் இடைமறித்துத் திருத்தாதீர்கள். "லீஃப் விழுது" என்றால், "ஓம், இலை விழுது. மெல்ல மெல்ல விழுது, என்ன?" என்று பேச்சைத் தொடருங்கள்.

• எல்லா மரமும் இலை முழுவதையும் உதிர்க்கும் என்று சொல்லிவிடாதீர்கள். ஒன்ராறியோவின் மாகாண மரமான வெள்ளைப் பைன் பனிக்காலத்திலும் பச்சையாக நிற்கும். "இது ஏன் எல்லா இலையையும் உதிர்க்கவில்லை?" என்று பிள்ளையைக் கேளுங்கள்.

• தெரியாத செடியின் இலையைப் பறிக்க விடாதீர்கள். மும்மூன்று இலைகளாக வளரும் பொய்சன் ஐவி இந்தப் பருவத்தில் அழகாகச் சிவக்கும். தொட்டால் தோல் தடித்துக் கடுமையாக அரிக்கும். ஓக் கொட்டைகள் குழந்தைகளின் வாய்க்கு எட்டாமல் இருக்கட்டும்; தொண்டையில் சிக்கும்.

• ஒரே நாளில் எல்லாவற்றையும் முடிக்காதீர்கள். வீட்டருகே ஒரு மரத்தைத் தேர்ந்து, வாரம் ஒருமுறை போய்ப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் பிள்ளை ஒரு படம் வரைந்து ஒரு வசனம் சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள். நவம்பரில் அந்தத் தாள்களைச் சேர்த்துத் தைத்தால், பிள்ளை தானே ஆக்கிய தமிழ்ப் புத்தகம் ஒன்று வீட்டில் இருக்கும். தன் சொற்களாலான அந்தப் புத்தகத்தைப் பிள்ளை ஆசையோடு திரும்பத் திரும்ப வாசிக்கும்.