64 கிலோபைட்டுக்குள் ஓர் அகராதி

வெளியூர் செல்லும்போது ஒரே பெட்டியில் எல்லாத் துணிகளையும் அடைக்க வேண்டியிருக்கிறது. என்ன செய்வோம்? தேவையற்றதை எடுத்துவிட்டு, மீதியை நன்றாக மடித்து வைப்போம். கணிப்பொறியிலும் இப்படி ஒருவர் 'பெட்டி கட்டிய' கதையைப் பார்ப்போம்.

அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1970களில் யூனிக்ஸ் முறை பிடிபி-11 என்னும் கணிப்பொறியில் இயங்கியது. அதில் நினைவக முகவரிகள் 16 பிட் நீளமுள்ளவை. ஒரு பிட் என்பது 0 அல்லது 1. ஆகவே 2-ஐ 16 முறை பெருக்கினால் வரும் 65,536 பைட்டுகளை, அதாவது 64 கிலோபைட்டை மட்டுமே ஒரு நிரல் தன் தகவல்களுக்குப் பயன்படுத்த முடியும்.

ஆங்கிலக் கட்டுரைகளில் எழுத்துப்பிழை கண்டுபிடிக்கும் நிரலை ஸ்டீவ் ஜான்சன் 1975-இல் எழுதினார். கட்டுரையின் சொற்களை அகரவரிசைப்படுத்தி, வட்டில் உள்ள அகராதியுடன் அது ஒப்பிட்டது. சிறு கட்டுரைக்கும் அகராதி முழுவதையும் படிக்க வேண்டியிருந்ததால் நேரம் அதிகமாயிற்று. அகராதி நினைவகத்திலேயே இருந்தால் வேகம் கூடும். ஆனால் இடம்?

இங்கேதான் டக் மெக்கில்ராய் வருகிறார். முன்னொட்டு, பின்னொட்டுகளை நீக்கி, வேர்ச்சொற்களை மட்டும் வைத்துக்கொண்டார். அப்போதும் சுமார் 30,000 சொற்கள் மிஞ்சின. எழுத்துக்கு ஒரு பைட் வீதம் சொல்லுக்கு 8 பைட் என்றால் 2,40,000 பைட். பெட்டியைப்போல் நாலு மடங்கு!

அடுத்து, ஒவ்வொரு சொல்லையும் ஒரு கணக்கின் மூலம் 27 பிட் நீளமுள்ள குறியெண்ணாக மாற்றினார். எட்டு பிட் ஒரு பைட் அல்லவா? 30,000 x 27 / 8 = 1,01,250 பைட். இன்னும் அடங்கவில்லை.

எனவே குறியெண்களை ஏறுவரிசையில் அடுக்கி, அடுத்தடுத்த எண்களுக்கு இடையிலான வித்தியாசத்தை மட்டும் எழுதினார். 27 பிட்டில் 13,42,17,728 எண்கள் உண்டு. அவற்றில் 30,000 எண்கள் பரவியிருந்தால் சராசரி இடைவெளி ஏறக்குறைய 4,474. சிறிய எண்ணுக்குச் சிறிய இடம் போதும். சொல்லுக்குச் சராசரி 13.6 பிட் வீதம் மொத்தம் 51,000 பைட். பெட்டி மூடிவிட்டது!

தேடும்போது முதலிலிருந்து கூட்டிக்கொண்டே வர வேண்டாமா? வேண்டாம். பட்டியலைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் தொடக்கத்தையும் பொருளடக்கம்போல் குறித்துவைத்தால் போதும். இம்முறையை அவர் 1982-இல் கட்டுரையாக வெளியிட்டார்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. பிழையான சொல் ஒன்றின் குறியெண், சரியான சொல்லின் குறியெண்ணாகவே அமைந்துவிடலாம். அப்பிழை தப்பிவிடும். ஆனால் அது ஏறக்குறைய 4,474 பிழைகளில் ஒன்றுக்குத்தான் நேரும். அந்தச் சிறு குறையை ஏற்றுக்கொண்டதால் அகராதி முழுவதும் நினைவகத்தில் அடங்கியது.

நீங்களும் செய்து பாருங்கள். 40213, 40219, 40232, 40240 என நான்கு பதிவெண்கள். இவற்றை எழுத 20 இலக்கங்கள் வேண்டும். 40213, 6, 13, 8 என வித்தியாசங்களாக எழுதினால் 9 போதும். உங்கள் வகுப்பின் பதிவெண்களுக்கு எவ்வளவு மிச்சமாகிறது?

இன்னொரு கணக்கு: 27 பிட்டுக்குப் பதில் 20 பிட் குறியெண் வைத்தால் இடம் இன்னும் குறையும். ஆனால் எத்தனை பிழைகளில் ஒன்று தப்பும்? கணக்கிட்டால், மெக்கில்ராய் ஏன் 20-இல் நிற்கவில்லை என்பது விளங்கும்.