சரக்கைத் தொடமாட்டேன் என்று சொல்வதற்கு முன்னும் பின்னும்

இந்தியாவில் கட்டாய ராணுவச் சேவை கிடையாது. பொதுக் காரியத்துக்காக மக்களைக் கட்டாயச் சேவைக்கு அழைக்க அரசியல் சட்டத்தின் 23ஆவது பிரிவு இடம் விட்டுத்தான் வைத்திருக்கிறது. ஆனால் சுதந்திர இந்தியாவில் எந்த அரசும் வீட்டு வாசலில் வந்து நின்று பையனைப் பட்டாளத்துக்கு அனுப்பு என்று கேட்டதில்லை. ஆகவே போருக்குப் போக மாட்டேன் என்று மனசாட்சியின் பேரில் மறுக்கும் சந்தர்ப்பம் ராயபுரத்துக்காரருக்கோ திருவொற்றியூர்க்காரருக்கோ ஆள்சேர்ப்பு அலுவலகத்தில் வாய்க்காது. வாய்த்தால் கிரேனுக்குக் கீழேதான் வாய்க்கும்.

2024 பிப்ரவரியில் வாய்த்தது. சி.ஐ.டி.யு.வோடு இணைந்த இந்திய நீர்வழிப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனம் ஓர் அறிக்கை விட்டது. காசாவில் போர் நடக்கும்போது இஸ்ரேலுக்கான ஆயுதச் சரக்கை எங்கள் ஆட்கள் ஏற்றவும் மாட்டார்கள், இறக்கவும் மாட்டார்கள் என்றது. நாட்டின் 11 பெரிய துறைமுகங்களில் சுமார் 3,500 தொழிலாளர்கள் அதில் உறுப்பினர்கள். அதே ஆண்டு மே மாதம் ஸ்பெயின் வெளியுறவு அமைச்சர் ஹோசே மனுவேல் அல்பாரஸ், 'மரியான் டானிகா' என்ற கப்பலைக் கார்டஹேனா துறைமுகத்துக்குள் விடமாட்டோம் என்று அறிவித்தார். கப்பலில் இருந்தது ஏறத்தாழ 27 டன் வெடிபொருள். போகிற இடம் ஹைஃபா. ஏப்ரலில் கிளம்பிய இடம் நம்ம சென்னை.

அறிக்கை விட்டவர்களைக் கேலி செய்ய இதைச் சொல்லவில்லை. அப்படியொரு வாக்கியத்தை எழுதிக் கையெழுத்துப் போடவே நெஞ்சுரம் வேண்டும். ஆனால் சம்மேளனத்தின் லெட்டர்பேடுக்கும் கிரேன் கொக்கிக்கும் நடுவில் இருக்கும் தூரத்தை யாராவது நடந்து கடக்க வேண்டும். கீழே இருப்பது அதற்கான பட்டியல்.

செய்ய வேண்டியது: பெட்டிக்குள் என்ன என்று கேட்பதை வழக்கமாக்குங்கள்

மூட்டையாகவும் பேலாகவும் சரக்கு வந்த காலத்தில் கேங்கில் இருந்தவருக்கு எதைத் தூக்குகிறோம் என்று தோளுக்கும் மூக்குக்கும் தெரியும். கந்தகம் கண்ணைக் கரிக்கும், மிளகாய் தும்மல் வரவழைக்கும். கன்டெய்னர் வந்தபின் எல்லாமே ஒரே அளவுப் பெட்டி, கதவில் ஒரு சீல். இருபதடி, நாற்பதடி என்பதற்கு மேல் கிரேன் ஓட்டுபவருக்கு எதுவும் தெரிய வேண்டியதில்லை என்று தொழிலே அமைந்துவிட்டது. மனசாட்சி வேலை செய்ய வேண்டுமானால் அதற்கு முதலில் தகவல் வேண்டும்.

ஆபத்தான சரக்கு என்றால் ஏற்றுமதியாளர் அதை எழுத்தில் அறிவித்தாக வேண்டும். வெடிபொருள் வைத்த பெட்டியில் வைர வடிவில் ஆரஞ்சு ஸ்டிக்கர் இருக்கும், கீழ் மூலையில் 1 என்ற எண் இருக்கும். உலகம் முழுக்க இதுதான் விதி. இந்தத் தகவலைப் பாதுகாப்புக் குழுக் கூட்டத்தில் கேளுங்கள், ஒவ்வொரு மாதமும் கேளுங்கள், போர் இல்லாதபோதும் கேளுங்கள். கையாளுகிறவன் உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி என்பதால் இதை அரசியல் என்று யாரும் தள்ள முடியாது. மணலியில் ஒரு கன்டெய்னர் கிடங்கில், 2015இல் சுங்கத் துறை பிடித்த அம்மோனியம் நைட்ரேட் 37 பெட்டிகளில் கிட்டத்தட்ட 700 டன் கிடந்தது. 2020 ஆகஸ்டில் அதே ரசாயனத்தால் பெய்ரூட் துறைமுகம் வெடித்துச் சிதறிய பிறகுதான் ஊரே அதைப் பேசியது, அப்புறம் அவசர அவசரமாக ஹைதராபாத்துக்கு லாரி ஏறியது. ஐந்து வருஷம் பக்கத்துத் தெருவில் இருந்த சரக்கு.

செய்யக்கூடாதது: ஸ்டிக்கரைப் பார்த்ததும் துள்ளுவது

சிவகாசிப் பட்டாசுக்கும் கல்குவாரி வெடிமருந்துக்கும் அதே ஆரஞ்சு வைரம்தான். ஸ்டிக்கர் இல்லாததால் நல்ல சரக்கு என்றும் நினைத்துவிடக் கூடாது. 2019 மே மாதம் இத்தாலியின் ஜெனோவாவில், சவூதி அரேபியாவின் 'பாஹ்ரி யான்பு' கப்பலில் ஏற்றச் சொன்னது வெறும் ஜெனரேட்டர்கள். அவை ராணுவத் தேவைக்கானவை என்று தெரிந்துகொண்டு, யேமன் போருக்கு உதவ மாட்டோம் என்று தொழிலாளர்கள் கையைக் கட்டிக்கொண்டார்கள். அவர்கள் பார்த்தது ஸ்டிக்கரை அல்ல, யார் அனுப்புகிறார், யார் வாங்குகிறார் என்பதை.

செய்யவே கூடாதது: வதந்தியை நம்பிக் கை நீட்டுவது

2009 மே மாதம், வன்னியில் போரின் கடைசி நாட்கள். இலங்கைக்கு ஆயுதம் போகிறது என்ற பேச்சைக் கேட்டுக் கொதித்துப்போன ஒரு கூட்டம் கோவை புறவழிச்சாலையில் ராணுவ வாகன வரிசையை மறித்து அடித்து நொறுக்கியது. பயிற்சி முடிந்து திரும்புகிற வண்டிகள் என்று ராணுவம் சொன்னது. கொதிப்பு நியாயமானதுதான், அன்று தமிழ்நாட்டில் கொதிக்காதவர் குறைவு. ஆனால் மறுநாளிலிருந்து பேச்சு வன்னியைப் பற்றி இல்லை, உடைந்த கண்ணாடியைப் பற்றியும் வழக்குகளைப் பற்றியும்தான். அடிபட்டவர் சம்பளத்துக்கு வண்டி ஓட்டும் சிப்பாய்.

இதோடு சேர்த்து இரண்டு. சீலை உடைக்காதீர்கள், அது திருட்டு வழக்காக மாறிவிடும். துறைமுகத்துக்குள் செல்போனில் படம் எடுக்காதீர்கள். மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படை காவல் இருக்கிற இடம் அது, 1923ஆம் வருஷத்து அலுவல் ரகசியச் சட்டம்வரை இழுத்துக்கொண்டு போகலாம். கப்பலின் பெயரும் தேதியும் மனதில் இருந்தால் போதும்.

செய்ய வேண்டியது: முன்கூட்டியே, எழுத்தில், உங்கள் பெயரில்

1940 அக்டோபரில் காந்தி தனிநபர் சத்தியாகிரகத்தைத் தொடங்கியபோது, போருக்கு ஆளாலோ பணத்தாலோ உதவாதீர்கள் என்று பேசப் போகிறவர் எந்த ஊரில், எப்போது பேசப் போகிறார் என்று மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கு முன்பே கடிதம் எழுத வேண்டும் என்பது விதி. முதலில் போனவர் வினோபா பாவே. தமிழ்நாட்டில் ராஜாஜி அந்த டிசம்பரிலேயே உள்ளே போனார். போலீஸ் வருவதற்கு வசதியாக முகவரி கொடுத்துவிட்டுப் போவதில் ஒரு பலம் இருக்கிறது. ஒளிந்து செய்தால் அது வேலைக்கு மட்டம் போட்டதாகத்தான் ரிஜிஸ்தரில் ஏறும்.

கடிதம் நீளமாக வேண்டாம். காசாவின் வரலாறு, ஏகாதிபத்தியத்தின் வரலாறு எதுவும் வேண்டாம். இவ்வளவு போதும்:

"ஐயா, போருக்குப் போகும் ஆயுதம் அல்லது வெடிபொருள் என்று தெரிந்த சரக்கை ஏற்றி இறக்க என் மனசாட்சி இடம் தரவில்லை. அப்படிப்பட்ட சரக்கு என் ஷிப்டில் வந்தால் எனக்கு வேறு வேலை ஒதுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். வேறு வேலை இல்லையென்றால் அந்த ஷிப்டின் சம்பளத்தைப் பிடித்துக்கொள்ளலாம். மற்ற வேலைகள் அனைத்தையும் எப்போதும்போல் செய்வேன்."

நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். 'அப்புறம் வா' என்பார்கள். ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

சம்பளத்தைப் பிடித்துக்கொள்ளலாம் என்ற வரியை எடுத்துவிடச் சொல்லிச் சங்கத்தில் சிலர் வாதாடுவார்கள், சட்டப்படி அது பலவீனம் என்பார்கள். இருக்கலாம். ஆனால் அந்த ஒரு வரிதான் உங்கள் கடிதத்தை மற்ற எல்லாக் கோரிக்கை மனுக்களிலிருந்தும் பிரிக்கிறது.

செய்யக்கூடாதது: கூலிக் கோரிக்கையோடு கலப்பது

அதே 2024இல் பெரிய துறைமுகங்களின் சங்கங்கள் ஊதிய ஒப்பந்தத்துக்காக வேலைநிறுத்தம் அறிவித்தன. ஆகஸ்ட் 27ஆம் தேதி உடன்பாடு வந்தது, வேலைநிறுத்தம் நின்றது. கூலிப் போராட்டம் பேரத்தில் முடிய வேண்டும், அதுதான் அதற்கு அழகு. மறுப்பைப் பேரத்துக்கு வைத்தால், எவ்வளவு கொடுத்தால் ஏற்றுவாய் என்ற கேள்வி தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

செய்யக்கூடாதது: பெட்டி அந்தரத்தில் தொங்கும்போது இறங்கிப் போவது

வேலை தொடங்குமுன் மறுங்கள். கொக்கியில் மாட்டிய பிறகு முடித்துத்தான் ஆக வேண்டும். கீழே பெட்டிகளைக் கட்டி இறுக்கும் லாஷிங் பையன் நிற்கிறான். 1945இல் இந்தோனேசிய விடுதலையை நசுக்க ஆயுதத்தோடு கிளம்பிய டச்சுக் கப்பல்களில் வேலை செய்ய மாட்டோம் என்று சிட்னியில் இந்திய மாலுமிகள் இறங்கியபோது, பலர் கரையோரம் நின்ற கப்பல்களை விட்டு இறங்கி வந்தார்கள். ஆவணப்பட இயக்குநர் ஜோரிஸ் ஐவன்ஸ் அதைப் படமாகவே எடுத்தார். அந்த மாலுமிகள் யுத்த காலத்துச் சம்பளத்துக்குக் கொதிகலனில் கரி அள்ளியவர்கள், வேறு நாட்டில் நின்று வேறு நாட்டுக்காக மறுத்தவர்கள்.

செய்ய வேண்டியது: நிரந்தரத் தொழிலாளி முன்னே நிற்பது

இதை எல்லாவற்றுக்கும் மேலே வைத்திருக்க வேண்டும். இன்றைக்குச் சரக்கைத் தொடுகிற கைகளில் பெரும்பாலானவை சங்கத்தின் உறுப்பினர் பட்டியலில் இருக்கிற கைகள் அல்ல. சென்னையின் கன்டெய்னர் முனையம் 2001லேயே தனியார் கைக்குப் போனது. வடக்கே காட்டுப்பள்ளி அதானியுடையது. லாஷிங் ஒப்பந்த ஆள், டிரெய்லர் ஓட்டுநர், கிளீனர், கன்டெய்னர் கிடங்கில் தினக்கூலி என்று ஒரு நீண்ட சங்கிலி. எண்ணூர் விரைவுச் சாலையில் ஜீரோ கேட்டை நோக்கி மணிக்கணக்கில் வரிசையில் நிற்கிற டிரெய்லர் ஓட்டுநரைப் பாருங்கள். டிரிப்புக்கு இவ்வளவு என்று கூலி. வண்டி நின்றால் அவர் கணக்கும் நிற்கும். அவரிடம் போய் மனசாட்சியைப் பற்றிப் பேசுவதற்கு முன் அவருடைய ஒரு டிரிப் பணத்தைச் சங்க நிதியிலிருந்து எடுத்து வைத்திருக்க வேண்டும். ஒப்பந்த ஆளுக்கு மெமோகூட வராது. நாளைக்கு வர வேண்டாம் என்று மேஸ்திரி போனில் சொல்லிவிடுவார். ஓய்வூதியம் உறுதியானவர்கள் முதல் கையெழுத்தைப் போடுங்கள், ஒப்பந்த ஆட்களின் பெயரை எந்தக் காகிதத்திலும் எழுதாதீர்கள்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக

ஒருவர் மறுப்பது வேறு, கேங்கே மறுப்பது வேறு. கூடி மறுத்தால் அது வேலைநிறுத்தம். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பின்படி 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். பாதிப்பேரோ அதற்கு மேலோ ஒரே நாளில் கூட்டாகத் தற்செயல் விடுப்பு எடுத்தாலும் வேலைநிறுத்தம்தான். கப்பல் 14 நாள் காத்திருக்காது என்பதால்தான் நிலையான கடிதம் முன்பே கொடுத்திருக்க வேண்டும் என்கிறேன். நீதிமன்றம் ஆயுத ஏற்றுமதியை நிறுத்தித் தரும் என்று எதிர்பார்க்காதீர்கள். இஸ்ரேலுக்கு ஆயுதம் அனுப்பத் தடை கேட்ட மனுவை 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், வெளியுறவுக் கொள்கையில் தலையிட முடியாது என்று தள்ளிவிட்டது.

செய்ய வேண்டியது: 'நம்ம ராணுவம்' கேள்விக்குப் பதில் தயாராக வைத்திருப்பது

டீக்கடையில் முதலில் வருவது, நம்ம ராணுவத்துக்குப் போகிற சரக்கையும் மறுப்பாயா என்ற கேள்விதான். புதிதல்ல. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கிய பி.பி. வாடியாவே, பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் என்றபோது தயங்கினார். முதலாளியின் பைக்கு மட்டும் அடி என்றால் பரவாயில்லை, போரில் நிற்கிற வீரனின் துணி நின்றுபோகுமே என்று வாதாடினார். தொழிற்சங்கத் தலைவரையே மடக்கிய கேள்வி அது. எல்லாப் போரையும் எதிர்க்கிறீர்களா, இந்தப் போரை மட்டுமா என்று உங்களுக்குள் தீர்த்துக்கொள்ளுங்கள். எதுவானாலும் சரி, கேட்டவருக்குத் தக்கபடி மாற்றாதீர்கள்.

தேசத்துரோகி என்பார்கள். அப்போது 1986இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த பிஜோய் இம்மானுவேல் வழக்கை நினைவில் கொள்ளுங்கள். தேசிய கீதம் பாடாத மூன்று கேரளப் பிள்ளைகளைப் பள்ளியை விட்டு நீக்கியது தவறு என்று தீர்ப்பு. அவர்கள் பாடவில்லை, ஆனால் எழுந்து மரியாதையாக நின்றார்கள். அப்படி நின்றதுதான் வழக்கில் அவர்களைக் காப்பாற்றியது. துறைமுகத்தில் கொடியேற்றம் நடந்தால் போய் நில்லுங்கள். கப்பல் சிப்பந்தியைத் திட்டாதீர்கள். அவர் பெரும்பாலும் பிலிப்பைன்ஸ்காரராகவோ தூத்துக்குடிக்காரராகவோ இருப்பார்.

செய்ய வேண்டியது: கேட்டுக்கு வெளியே ஆள் சேர்ப்பது

2008இல் ஜிம்பாப்வேக்கு ஆயுதம் கொண்டுவந்த சீனக் கப்பல் 'ஆன் யுவே ஜியாங்' டர்பனில் ஒரு பெட்டியைக்கூட இறக்க முடியாமல் போனது. போக்குவரத்துத் தொழிலாளர் சங்கம் மறுத்தது பாதிக் கதை. ஆங்கிலிக்கன் பிஷப் ரூபின் பிலிப் கோர்ட்டுக்குப் போனது மீதிப் பாதி. இடைக்கால உத்தரவு கைக்கு வருவதற்குள் கப்பல் நங்கூரத்தைத் தூக்கிவிட்டது. காசிமேட்டு மீனவர் பஞ்சாயத்து, ராயபுரத்துப் பங்குத் தந்தை, பள்ளிவாசல் கமிட்டி, உயர் நீதிமன்றத்தில் தொழிலாளர் வழக்கு நடத்துகிற வக்கீல் என்று நாலு இடத்தில் உங்கள் கடிதத்தின் நகல் முன்பே இருக்கட்டும்.

அதன் பிறகு

மறுத்த மறுநாள் வழக்கமான நேரத்துக்கு, யூனிஃபார்மில், ஹெல்மெட்டோடு வேலைக்குப் போங்கள். போகாவிட்டால் நீங்களாகவே வேலையைக் கைவிட்டதாக எழுதிவிடுவார்கள். சில நாளில் சார்ஜ் மெமோ வரும். 'கீழ்ப்படியாமை' என்று இருக்கும். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்; வாங்க மறுப்பது வீரம் இல்லை, நீங்கள் இல்லாமலே நடக்கும் எக்ஸ்பார்ட்டி விசாரணைக்கு வழி. மெமோவில் போட்டிருக்கிற கெடுவுக்குள் பதில் கொடுங்கள். மன்னிப்பு என்ற சொல் அதில் வேண்டாம், கோபமும் வேண்டாம். முதல் கடிதத்தின் நகலை இணைத்து, 'இதில் சொன்னபடியே நடந்துகொண்டேன்' என்று ஒரு வரி எழுதி, வக்கீலிடம் காட்டிவிட்டுக் கொடுங்கள்.